காலநிலைக் கோரிக்கையை யாரிடம் வைப்பது: டெல்டா விவசாயிகளுக்கான வழிமுறை

பருவம் தவறிய மழையில் சம்பா சாய்ந்தாலும், கடைமடை வயல்களில் உப்புநீர் ஏறினாலும், உடனே சாலை மறியல் என்று முடிவெடுப்பது டெல்டாவில் வழக்கமாகிவிட்டது. மறியலைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறியாமல் உட்கார்ந்தால், வட்டாட்சியர் வந்து மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னதுமே கூட்டம் கலைந்துவிடும்.

எனவே முதலில் கோரிக்கைகளைப் பொறுப்பு வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறுகளையும் பெரிய வடிகால்களையும் தூர்வாருவது நீர்வளத் துறையின் வேலை. மழையில் நனைந்த நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால், தளர்வு அளிக்க வேண்டியது ஒன்றிய உணவுத் துறை. மாநில அரசு அதைக் கேட்டுப் பெறத்தான் முடியும் என்பதால், கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் 2020இல் வந்தது என்றாலும், ஏற்கெனவே நடந்துவந்த எண்ணெய், எரிவாயுப் பணிகளை அது தொடவில்லை. அங்கே சட்டத் திருத்தம் கேட்டுச் சட்டமன்ற உறுப்பினரிடம்தான் போக வேண்டும். மாநில அரசு அமைத்த மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஆட்சியரே தலைவர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். இந்த இருவருக்கும் மனு எழுதுகிறவர்கள் குறைவு என்பதே என் எண்ணம்.

மனுவில் 'காலநிலை மாற்றத்தைத் தடுத்து நிறுத்துக' என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்லத் தேவையில்லை. 'இந்த வடிகாலில், இந்த மதகிலிருந்து இந்தப் பாலம் வரை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை அகற்றி, பணி முடிந்த விவரத்தைக் கிராம சபையில் வையுங்கள்' என்று புல எண்ணோடும் புகைப்படத்தோடும் எழுதினால், அந்தப் பிரிவின் பொறியாளர் தப்பிக்க முடியாது. காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என 2024இல் உச்ச நீதிமன்றம் ஏற்றதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே கோரிக்கையை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாக்கி, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும்.

காலம் தவறினால் இத்தனையும் வீண். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன் தூர்வார வேண்டுமென்றால், நிதி ஒதுக்குவதற்கு முன்பே, அறுவடைக் காலத்திலேயே, கேட்டாக வேண்டும். வடிகாலைப் பற்றி வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு பேசுவது வெள்ளத்தோடு பேசுவதற்குச் சமம்.

இதற்குப் பிறகும் அசைவில்லை என்றால் ஆர்ப்பாட்டம். இடம், நேரம், எதிர்பார்க்கும் கூட்டம், பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு முன்கூட்டியே காவல் துறைக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் போக நேர்ந்தால் தஞ்சாவூர் மாவட்டத்தினருக்கு மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்காரர்களுக்குச் சென்னை. பேச்சுவார்த்தைக்கு வரும் அலுவலர் தரும் உறுதியைத் தேதியோடு எழுதி, அவர் கையொப்பமும் பெற்ற பிறகு பந்தலைப் பிரியுங்கள்.