முதலாண்டு எழுத்துப் பயிற்சி வகுப்பில் எதை வாசிக்கக் கொடுப்பது?

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில், ‘உங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். வணிகவியல், கணினி அறிவியல், இயற்பியல் என்று எந்தத் துறை மாணவர் எழுதினாலும், தாளில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று அடிக்கோடிட்ட உள்தலைப்புகளும் நடுவே ஒரு குறளும் இருக்கும். ஊர் மட்டும் இருக்காது. இதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. நெடுவினாவுக்கு அப்படி எழுதினால்தான் முழு மதிப்பெண் கிடைக்கும் என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை நாம்தான் பழக்கியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை அறிவுரையால் மாற்ற முடியாது என்பதும், கையில் கொடுக்கும் சிறிய வாசிப்புப் பகுதியால் ஓரளவு மாற்ற முடியும் என்பதும் எல்லாத் துறை மாணவருக்கும் பொதுவான ‘பகுதி ஒன்று’ தமிழ்ப் பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்ததில் நான் கண்டவை.

ஆகவே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘இது சிறந்த இலக்கியமா?’ என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘இதை வாசித்து முடித்தவுடன் என் மாணவர் எதை எழுதுவார்?’ என்பதே முதல் கேள்வி. இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாத பகுதி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது இலக்கிய வகுப்புக்கு உரியதே தவிர, எழுத்துப் பயிற்சி வகுப்புக்கு உரியது அன்று.

நீளத்தை முதலில் முடிவு செய்துவிடலாம். ஒரு பாடவேளை பெரும்பாலும் ஐம்பது நிமிடம். வருகைப் பதிவுக்கும் வகுப்பு அடங்குவதற்கும் ஐந்து நிமிடம் போய்விடும். 800 சொற்கள் கொண்ட பகுதியை வாய்விட்டு வாசிக்க எனக்கு ஒன்பது நிமிடம் ஆகிறது. ஒரு முறை நானும், பிறகு ஒரு முறை மாணவர்கள் தமக்குள்ளும் வாசித்தபின், பேசுவதற்குப் பத்து நிமிடமும் எழுதுவதற்குப் பதினைந்து நிமிடமும் மிஞ்ச வேண்டும். இரண்டாம் வாசிப்புக்கு இடம் கொடுக்காத எதையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம், ஏனென்றால் முதல் வாசிப்பில் என்ன நடந்தது என்பது மட்டும்தான் தெரியும்; எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது இரண்டாவதில்தான் கண்ணில் படும். தொடக்க காலத்தில் பன்னிரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை வீட்டில் வாசித்து வரச் சொல்லி, மறுநாள் அறுபது பேரில் நான்கு பேர் மட்டுமே வாசித்திருந்ததால், முழுப் பாடவேளையும் நானே கதைச்சுருக்கம் சொல்லித் தீர்த்தேன். அன்று முதல் ஒரே தாளின் இரு பக்கங்களுக்குள் அடங்குவதுதான் என் அளவு.

அளவு என்றதும் சங்கப் பாடல்களை ஒதுக்கிவிடாதீர்கள். குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாடல் ஐந்தே அடிகள் கொண்டது, கபிலர் பாடியது. தன்னை மணந்துகொண்டவன் ‘அப்படி ஒன்றும் நடக்கவில்லை’ என்று பொய் சொன்னால் என்ன செய்வது என்று தலைவி கலங்குகிறாள். அங்கே வேறு யாரும் இல்லை. ஓடுகிற நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. அந்தப் பறவையின் கால்களை ‘தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால’ என்கிறாள். பதவுரை கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: அவ்வளவு பெரிய கலக்கத்தில் இருப்பவளுக்குக் குருகின் காலின் நிறமும் பருமனும் ஏன் நினைவில் நின்றன? வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது ஒருவர், விபத்து நடந்த அன்று எதிரே இருந்த சுவரொட்டி இன்னும் நினைவில் இருப்பதாகச் சொல்வார். அந்த இடத்தில் பேச்சை நிறுத்தி, உங்கள் வாழ்வில் முக்கியமான ஒரு நாளில் அங்கே சும்மா இருந்த ஒரு பொருளை மட்டும் பத்து வரியில் எழுதுங்கள் என்று சொல்லிவிடலாம். ஒரு மாணவர் தம் பாட்டி இறந்த காலையில் வாசலில் போடப்பட்ட பால் பாக்கெட்டைப் பற்றி எழுதினார். யாரும் எடுக்காததால் அது வெயிலில் உப்பிக்கொண்டே போனதையும், வந்தவர்கள் அதன் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டதையும் எழுதியிருந்தாரே ஒழிய, துக்கம் என்ற சொல்லை அவர் எங்கும் பயன்படுத்தவில்லை.

தன் அனுபவத்தை விரிவாக எழுதவைக்க வேண்டுமானால், உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ தரும் ஒரு காட்சிக்கு இணையானதை நான் இன்னும் காணவில்லை. 1880 அக்டோபர் 21, கும்பகோணம். அந்த ஆண்டுதான் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த இளைஞர், ஊருக்குப் புதிதாக வந்திருந்த முன்சீப் (உரிமையியல் நீதிபதி) சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று பெருமையுடன் அடுக்குகிறார். முதலியாரோ இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்கிறார். பிறகு சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்கிறார். இவர் ஆங்கிலம் படித்த மனிதர், அதனால் இப்படிப் பேசுகிறார் போலும் என்று தமக்குள் நினைத்ததையும் ஐயர் மறைக்காமல் எழுதுகிறார். அந்த ஒளிவின்மையைத்தான் மாணவர்களுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். இந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாகவே 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வந்தது என்ற வரலாற்றை எழுதி முடித்த பின் சொல்லலாம். முன்பே சொல்லிவிட்டால் ‘பெரியோர் சொல் கேட்பதன் பயன்’ என்று கட்டுரை எழுதித் தந்துவிடுவார்கள். எல்லாம் தெரியும் என்று நீங்கள் நினைத்திருந்த ஒன்று, ஒரே கேள்வியில் கலைந்துபோன நாளை எழுதுங்கள் என்பது இதற்குரிய பயிற்சி.

பேச்சுமொழியில் எழுதலாமா என்ற தயக்கம் ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு. அதற்குக் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் பிள்ளைகள் கதவில் ஏறி நின்று பஸ் விளையாட்டு ஆடும் தொடக்கப் பகுதி மட்டும் போதும். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போவது பின்னால் வருகிறது; விருப்பமுள்ளவர்கள் தாமே தேடி வாசிப்பார்கள். இயற்கையைக் கவனித்து எழுதுவதற்கு மா. கிருஷ்ணனின் சிறு கட்டுரைகளும், மிகையில்லாத சிறிய வாக்கியங்களுக்கு ஏ.கே. செட்டியாரின் பயணக் குறிப்புகளும் பொருந்தும்.

வாதம் செய்யும் கட்டுரைக்குப் பகுதி தேடுவதுதான் கடினம். சுற்றுச்சூழலைப் பாதுகாக்க வேண்டும், கைபேசியை அளவோடு பயன்படுத்த வேண்டும் என்பன போன்ற, எல்லோரும் தலையாட்டும் கட்டுரைகளைக் கொடுத்தால், தலையாட்டுவதைத் தவிர மாணவருக்கு வேலை இல்லை. வகுப்பில் குறைந்தது மூன்று பேராவது ‘இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய பகுதியாக இருக்க வேண்டும். அதே நேரத்தில் மாணவருக்குத் தம் வீட்டிலிருந்தே சான்று கிடைக்கும் பொருளாகவும் இருக்க வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ இதற்கு உதவுகிறது. முழுக் கட்டுரையும் ஒரு பாடவேளைக்குள் அடங்காது. இரண்டு பக்கங்களைப் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். தினமும் குடிக்கும் ஒரு பானத்துக்குள் சாதி, வகுப்பு, நகரம் என்று இவ்வளவு செய்தி இருக்கிறதா என்று வியப்பவர்களை, தம் வீட்டில் யாருக்கு எந்த டம்ளரில் எப்போது தேநீர் கிடைக்கிறது என்று எழுதச் சொன்னால், ‘நன்மைகள்’, ‘தீமைகள்’ என்ற உள்தலைப்புகள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரைகளையும் பயன்படுத்தலாம். ஆனால் அவை ஆறு மாதத்தில் பழையதாகிவிடும் என்பதால் ஆண்டுதோறும் புதிதாகத் தேட வேண்டும். தன்னம்பிக்கைக் கட்டுரைகளையும் சாதனையாளர் வரலாறுகளையும் நான் தொடுவதே இல்லை. முடிவு முதல் வரியிலேயே தெரிந்துவிடும் எழுத்தில் மாணவர் நுழைய வாசல் கிடையாது.

சிறியதாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதும் தவறு. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ மூன்று நான்கு பக்கங்களில் முடிந்துவிடும் என்பதால் ஓராண்டு ஜூலையிலேயே கொடுத்துவிட்டேன். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்காகப் பணத்துக்கு இன்னொருவனுடன் போகும் அம்மாளு செய்தது சரியா தவறா என்று நான்கு மாணவர்கள் உரத்த குரலில் தீர்ப்புச் சொல்ல, மாணவியர் வரிசை வாய் திறக்கவே இல்லை. வந்த தாள்கள் யாவும் ஒழுக்க உபதேசங்கள். இப்போது அதைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன், ஒருவர் முன் ஒருவர் தயக்கமின்றிப் பேசும் பழக்கம் அதற்குள் வந்துவிடுகிறது. வகுப்பில் இருக்கும் எவரும், தம்மைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கூசும்படியான பகுதி எந்த மாதத்திலும் வேண்டாம்.

நகலெடுப்பது பற்றியும் ஒரு சொல். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த படைப்புகளுக்கும், புதுமைப்பித்தனுடையவை போல நாட்டுடைமையாக்கப்பட்டவற்றுக்கும் தடை ஏதும் இல்லை. பிறவற்றிலிருந்து பாடத்துக்காகச் சில பக்கங்களை நகலெடுப்பதை 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம், பல்கலைக்கழக நகல் கடை ஒன்று தொடர்பான வழக்கில், கற்பித்தலுக்கு உரிய விலக்காக ஏற்றுக்கொண்டது. தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டம் போன்ற இணையதளங்களிலிருந்து எடுக்கும்போது அச்சு நூலுடன் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பிழையை ஆசிரியரின் நடை என்று நினைத்து விளக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

கடைசியாக ஒரு சோதனை. மாணவருக்குக் கொடுக்கும் முன், அதே பகுதியை வாசித்து, அதே பயிற்சியை நீங்களே இருபது நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். அரைப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை என்றால், பகுதியை மாற்றுங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள். இப்படி எழுதிப் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று பகுதிகள் கழிந்துபோயின. அவற்றை நான் தனியாக வாசித்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு இரண்டு பகுதிகளையாவது மாற்றினால் நமக்கும் சலிப்புத் தட்டாது. புதிய பகுதிகளை மாணவர் தாள்களிலிருந்தும் எடுக்கலாம். பால் பாக்கெட்டைப் பற்றிய அந்த அரைப் பக்கத்தை, எழுதியவரின் இசைவுடன், பெயரை நீக்கிவிட்டு, இப்போது குறுந்தொகைப் பாடலுக்கு அடுத்த வாரம் கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர், அந்தப் பாக்கெட்டைக் கடைசியில் யார் எடுத்தார்கள் என்று கேட்கிறார்; தாளில் அது இல்லை.