இடுப்பு நரம்பு வலிக்கு ஆபரேஷன்: முன்னும் பின்னும் செய்யக்கூடாத தவறுகள்

உட்கார்ந்தால் எரிகிறது. எழுந்து நின்றால் தணிகிறது. கழிப்பறை இருக்கையில் உட்காரும்போது மட்டும் அவ்வளவாக வலிப்பதில்லை, நடுவில் காலியாக இருப்பதால் நரம்பு நசுங்குவதில்லை. பிறப்புறுப்புக்கும் மலவாய்ப் பகுதிக்கும் போகும் பியூடெண்டல் நரம்பில் வரும் வலிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடைப்பது அரிது. ஆனால் வலிக்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, டாக்டரிடம் "இடுப்பு வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார்கள். பிறகு மூலம், சிறுநீர்த் தொற்று, முதுகுத்தண்டு என்று வருடக்கணக்கில் அலைச்சல். பிறப்புறுப்பா, மலவாயா, இரண்டுக்கும் இடையிலா என்று பெயர் சொல்லியே பேசுங்கள்.

ஸ்கேனை மட்டும் நம்புவது அடுத்த தவறு. நரம்பு எங்கே சிக்கியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் காட்டாது. கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்யத்தான் அது அதிகம் உதவும். இந்த வலியைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும், 2008இல் வெளியான நான்ட் அளவுகோல்கள் ஐந்து விஷயங்களைக் கேட்கின்றன: வலி அந்த நரம்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும், உட்கார்ந்தால் வலி அதிகமாக வேண்டும், தூக்கத்திலிருந்து எழுப்பக் கூடாது, சோதித்துப் பார்த்தால் தொடு உணர்வு குறைந்திருக்கக் கூடாது, நரம்பருகே மரப்பு ஊசி போட்டால் வலி அடங்க வேண்டும்.

அந்த ஊசி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். காலையில் ஊசி, மதியம் வரை நிம்மதி, சாயங்காலம் வலி திரும்பிவிட்டது. "ஊசி வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் அந்த நாலு மணி நேர நிம்மதியே டாக்டருக்கு வேண்டிய பதில். ஊசி போட்ட அன்று வழக்கமாக வலி தரும் நாற்காலியிலேயே உட்கார்ந்து பார்த்து, அரை மணிக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். அதே சமயம், வலி அடங்கியதாலேயே நரம்பு சிக்கியிருக்கிறது என்று முடிவுகட்டவும் கூடாது. வலி அந்த நரம்பின் வழியாக வருகிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

இடுப்புத் தளத் தசைகள் ஏற்கெனவே இறுகிக் கிடப்பவர்கள், எங்கோ படித்துவிட்டு, அந்தத் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சியைச் செய்து வலியைக் கூட்டிக்கொள்வதும் உண்டு. அவர்களுக்குத் தேவை தளர்த்தும் பயிற்சி. மாத்திரை, பயிற்சி, ஊசி எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்த பிறகுதான் கத்தி.

சரி, சிக்கிய நரம்பை விடுவிக்கும் இந்த ஆபரேஷன் எவ்வளவு பலன் தரும்? 2005இல் பிரான்ஸில் 32 பேரை இரு பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள். முறைப்படி 12 மாதம் தொடர்ந்தவர்களில், நரம்பை விடுவித்தவர்களில் 71.4 சதவீதம் பேருக்கும், ஆபரேஷன் செய்யாதவர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம். சிறிய ஆய்வுதான். அதோடு, அது சொல்வது முன்னேற்றம். வலி அடியோடு போனதாக அல்ல. மூன்றாவது மாதத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் பலன் தெரிந்தது. மூன்று வாரத்தில் "வீணாகப் போச்சு" என்று மனம் உடைந்துபோகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நரம்பு ஆற மாதங்கள் ஆகும், முதலில் வலி கூடவும் செய்யலாம். கொஞ்சம் தேறியதும் நரம்பு மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

என் பார்வையில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பத்துக்கு எத்தனை வலி என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது. ஏழு ஐந்தாகக் குறைந்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் முன்பு பத்து நிமிடம்கூட உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட்டவர், இப்போது நாற்பது நிமிடம் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்றால் அந்த எண் அதைச் சொல்வதே இல்லை. அதனால் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் பயணம், வேலைக்குப் போன நாட்கள், தாம்பத்தியம், மலம் கழிக்கும்போது வலி. அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டி, இதில் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காமல் போகலாம் என்று கேளுங்கள். அப்புறம் ஒவ்வொரு மாதமும் அதே கேள்விகளுக்குப் பக்கத்தில் புதிய பதிலை எழுதி வாருங்கள்.