செங்குன்றத்தின் கதையை எழுதப் போகிறீர்களா? கலங்கலில் தொடங்குங்கள்

ஊர் வரலாறு எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் வருவதுண்டு. கல்லூரிப் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்தக் கோயிலில் சார் ஆரம்பிக்கலாம்?" நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். செங்குன்றம் வட்டாரத்து ஏரிக்கரைகளில் நடந்தே பணிக்காலத்தில் பாதி கழிந்தது. ஏரிக்கரை ஊரைப் பொறுத்தவரை கோயில் இரண்டாவது. முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மிஞ்சிய நீர் கலங்கல் என்ற வடிகால் வழியே எங்கே வெளியேறுகிறது என்று பாருங்கள். யார் எங்கே குடியேறினார்கள், ஏன் அங்கே குடியேறினார்கள் என்பதெல்லாம் அதன் பின்னால் தானாக வரும்.

செங்குன்றத்தையே எடுத்துக்கொண்டு வழி சொல்கிறேன். சென்னைக்கு வடமேற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில், புழல் ஏரியை ஒட்டிய ஊர். வாயில் வழங்கும் பெயர் செங்குன்றம், ரெட் ஹில்ஸ். அரசுக் காகிதத்தில் பேரூராட்சியின் பெயர் நாரவாரிகுப்பம். இது தெரியாமல் பதிவேடுகளில் 'செங்குன்றம்' என்று தேடி வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலர். அதுபோலவே, 1997-க்கு முந்தைய ஆவணம் எதுவானாலும் திருவள்ளூர் மாவட்டத்தில் தேடாதீர்கள். அந்த ஆண்டுதான் மாவட்டம் பிரிந்தது. அதற்கு முன்னால் இந்தப் பகுதி முழுக்கச் செங்கல்பட்டுக் கணக்கு.

கரைக்கு இரண்டு முறை போக வேண்டும். பங்குனி, சித்திரையில் ஒரு முறை, நீர் வற்றி ஏரியின் உட்பகுதியான உள்வாய் தெரியும்போது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை, ஏரி நிறைந்து நிற்கும்போது. இது சென்னையின் குடிநீர் ஏரி என்பதால் கரைமேல் நினைத்தபடி ஏறிவிட முடியாது. நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். தண்ணீரில் இறங்கவே கூடாது. ஏரிக்குள் நிற்கும் ஜோன்ஸ் டவர் என்ற பழைய நீர் எடுக்கும் கோபுரத்தைக் கரையில் இருந்தே பார்க்கலாம்.

அளவுகோல் பலகையில் அடிக் கணக்கைப் பாருங்கள். முழு ஆழம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. இந்த எண்ணை மனப்பாடம் செய்து பயன் இல்லை. அதன் பின்னால் இருக்கும் வழியைப் பிடியுங்கள். கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, அங்கிருந்து கால்வாயில் சோழவரம் ஏரி, சோழவரத்தில் இருந்து இன்னொரு கால்வாயில் புழல். மேலே பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் வந்தது. சென்னை மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயர்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். 1996-ல் ஆந்திராவில் இருந்து கிருஷ்ணா நீரும் சேர்ந்தது. ஒரு தாளில் கோடு போட்டு இதை வரைந்துகொள்ளுங்கள். உங்கள் புத்தகத்தின் முதல் படம் அதுதான்.

அடுத்து வெளியேறும் பக்கம். மழைக்காலத்தில் ஏரி நிறைந்து ஷட்டரைத் தூக்கும் முன் ஒரு எச்சரிக்கை அறிவிப்பு வரும். நாரவாரிகுப்பம், வடகரை, கிராண்ட்லைன், புழல், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் மக்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று அதில் ஊர்கள் வரிசையாக இருக்கும். பத்திரிகையில் படித்துவிட்டு மறந்துவிடுவோம். அந்த வரிசைதான் நீங்கள் நடக்க வேண்டிய பாதை. உபரிநீர்க் கால்வாயை ஒட்டி ஏரியில் இருந்து எண்ணூர்ப் பக்கம் வரை, ஒரே நாளில் முடியாவிட்டால் மூன்று நாளில், நடந்து பாருங்கள். எங்கே கால்வாய் அகலமாக இருக்கிறது, எங்கே வீட்டுச் சுவர் கரையைத் தொடுகிறது, எந்தப் பாலம் தாழ்ந்து இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 2015 வெள்ளத்தில் எந்தப் படிக்கட்டு வரை நீர் ஏறியது என்று வாசலில் நிற்பவரைக் கேளுங்கள். கையை வைத்தே காட்டுவார்கள்.

நடக்கும்போது ஊர்ப்பெயர்களைக் காதில் வாங்குங்கள். காவாங்கரை என்று ஒரு இடம். பேச்சில் 'காவா' என்றால் கால்வாய். கால்வாயே கண்ணில் படாத இடத்தில் நின்றாலும், அந்தப் பெயர் ஒரு காலத்து நீர்வழியைக் காட்டிக்கொடுக்கிறது. வடகரை என்றதும் எதற்கு வடகரை என்று திசை பார்த்து நில்லுங்கள். தாங்கல் என்று முடிந்தால் சிறிய ஏரி. பாக்கம், குப்பம், அகரம், நல்லூர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான குடியேற்றம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பெயர்க் காரணத்தை ஒருவர் சொன்னார் என்பதற்காக எழுதிவிடாதீர்கள். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மேட்டுக்குக் கோட்டை இருந்ததால் அந்தப் பெயர் என்று ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே ஒரு விழா மலருக்கு எழுதிக் கொடுத்தேன். அச்சான பிறகு நில அளவைக்காரர்கள் வரைந்த பழைய புலப்படத்தைப் பார்த்தால் அது செங்கல் சூளை இருந்த மேடு. அன்றிலிருந்து மூன்று இடத்தில் ஒத்து வராமல் எதையும் எழுதுவதில்லை.

செங்குன்றம் என்ற பெயருக்கு அந்தச் சிக்கல் இல்லை. மண்ணே சாட்சி. வெட்டிய இடத்தில் செம்புரைக்கல் தெரியும். புதிதாக வெட்டும்போது மண்வெட்டிக்கு இளகிக் கொடுக்கும், காற்றும் வெயிலும் பட்டால் இறுகும். உடைந்த முகத்தில் தேன்கூடு போலத் துளைகள், துளைக்குள் மஞ்சள் மண். விரலால் தேய்த்தால் குங்குமம் போல் ஒட்டும். இந்தக் கல்தான் இந்தியாவின் முதல் இருப்புப்பாதைகளில் ஒன்றை இங்கே கொண்டுவந்தது. 1837-ல், பம்பாயில் பயணிகள் ரயில் ஓடுவதற்கு 16 ஆண்டுகள் முன்பே, ஆர்தர் காட்டனின் பொறுப்பில் செங்குன்றத்தில் இருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை கல் ஏற்றத் தண்டவாளம் போட்டார்கள். சென்னைச் சாலைகளுக்குக் கல் போனது. பெரும்பாலும் விலங்குகளே வண்டியை இழுத்தன, நீராவி இயந்திரமும் வைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பாதை மறைந்துவிட்டது. ஊரில் இதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எழுதப் போகிறவர் முதல் அத்தியாயத்திலேயே இதைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

கல் போன பிறகு தண்ணீர் போனது. சின்னப் பாசன ஏரியாக இருந்ததைக் கரை உயர்த்தி நகரத்துக்காகப் பெரிதாக்கினார்கள். 1872-ல் இங்கிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் ஓடியது. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்தது. இந்த ஊரின் வாழ்க்கை மாறிய புள்ளி இதுதான். நெல்லுக்கு என்று இருந்த நீர் குழாய்க்கு என்று ஆனது. உங்கள் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஏரி நீரால் பாசனம் பெற்ற ஆயக்கட்டு நிலங்கள் எவை, அவற்றை உழுதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று என்ன வேலை செய்கிறார்கள்?

அதற்குப் பதிவேடுகள் வேண்டும். சர்வே எண் வாரியாக நிலங்களைப் பட்டியலிடும் 'அ' பதிவேடும் புலப்படமும் இப்போது அரசின் இணையச் சேவையிலேயே கிடைக்கின்றன. சர்வே எண்ணைப் போட்டால் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, ஏரிப் புறம்போக்கா என்று வந்துவிடும். ஆனால் அது யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் 1980-களின் நிலப் பதிவேட்டுத் திருத்தத்துக்குப் பிந்தைய கணக்கு. பழைய நிலைமை தெரிய, வெள்ளைக்காரர் காலத்து நிலவரிக் கணக்கான பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை வைத்து ஒப்பிட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், கிராமப் பெயரை எழுதிக் கொடுத்து, பொறுமையாகக் காத்திருங்கள். 1879-ல் குரோல் என்ற அதிகாரி எழுதிய செங்கல்பட்டு மாவட்ட நூலையும் அங்கே கேளுங்கள். அதற்கும் நூறாண்டு முன்னால், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் நவாப் ஆங்கிலக் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிரின் கிராமங்களைக் கணக்கெடுத்தார். எந்த ஊரில் எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு மானியம், ஏரி பார்ப்பவனுக்கு விளைச்சலில் எவ்வளவு பங்கு (மேரை) என்று அதில் இருக்கும்.

அலுவலகத்தில் இல்லாதது வீடுகளில் இருக்கும். 1980-ல் கிராமக் கணக்கு எழுதும் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்தபோது சில குடும்பங்களில் பழைய பிரதிகள் தங்கிவிட்டன. ஒரு வீட்டில் ஒரு ஆயா பரணில் இருந்து வேட்டித் துணியில் சுற்றிய உருளை ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். துணி ஒட்டிய கிராம வரைபடம். மடிப்பு விழுந்த இடங்களில் நூல் தெரிந்தது. ஏரிக்கு வெளிறிய நீலம், கரைக்குச் சின்னச் சின்னக் கோடுகள். மதகில் இருந்து கிளம்பிய வாய்க்கால் மூன்றாகப் பிரிந்து, கடைமடையில் மயிரிழை போல் முடிந்தது. "இது எங்க மாமனார் கைப்பட திருத்தினது தம்பி" என்று சிவப்பு மையில் இருந்த எண்களைத் தொட்டுக் காட்டினார். அந்த மூன்றில் ஒரு வாய்க்காலின் மேல்தான் இன்று நாம் காய்கறி வாங்கும் தெரு இருக்கிறது. இப்படி ஒன்று கிடைத்தால் எடுத்துப் போகக் கேட்காதீர்கள். அங்கேயே பகல் வெளிச்சத்தில், தரையில் விரித்து, நேர் மேலிருந்து படம் எடுங்கள். ஓரத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள்.

இப்போது கோயிலுக்குப் போகலாம். புழலில் திருமூலநாதர் கோயிலும் பழைய ஆதிநாதர் சமணக் கோயிலும் இருக்கின்றன. தொண்டை மண்டலத்தின் பழைய நாட்டுப் பிரிவுகளான 24 கோட்டங்களில் புழல் ஒன்று. குறும்பர் என்ற இனத்தவரின் கோட்டை இங்கே இருந்ததாகவும் தொண்டைமான் மன்னன் ஆதொண்டன் அவர்களை வென்றதாகவும் பழங்கதை. ஏரிக்கு மேற்கே திருமுல்லைவாயிலில் அந்தக் கதையின் மறுபாதி நிற்கிறது. புழல் கோட்டையில் இருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்று இரண்டு வெள்ளெருக்கந் தூண்களைக் காட்டுவார்கள். அங்கே நந்தி சிவனுக்கு முதுகு காட்டி, வெளியே பார்த்து இருக்கும், போருக்குத் துணை போனதால். வடகிழக்கே ஞாயிறு கிராமம், சுந்தரரை மணந்த சங்கிலி நாச்சியாரின் ஊர். தலபுராணத்தைத் தலபுராணம் என்றே எழுதுங்கள், வரலாறு என்று எழுத வேண்டாம். மக்கள் எதை நம்பி எந்த இடத்தில் கும்பிட்டார்கள் என்பதும் ஊரின் கதைதான். கல்வெட்டு கண்ணில் பட்டால் மாவோ எண்ணெயோ பூசாதீர்கள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே எழும்பி நிற்கும்.

மனிதர்களிடம் பேசுவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. இந்த ஊரில் ஒரே வகை மக்கள் இல்லை. தெலுங்கு பேசும் குடும்பங்கள், ஆந்திர நெல் லாரிகளோடு வந்து மண்டியில் நிலைத்தவர்கள், அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் கிண்டிக் காயவைத்த பெண்கள், காவாங்கரை முகாமில் வாழும் ஈழத் தமிழர்கள், 2006-ல் மத்திய சிறை புழலுக்கு வந்த பிறகு அந்த வாசலை நம்பிக் கடை போட்டவர்கள். முகாமில் உள்ளவர்களிடம் பேச முறையான அனுமதி வாங்குங்கள். பெயர் போடலாமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். அவர்களை ஒரு பத்தியில் முடிக்கவும் கூடாது.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. "அப்போ உங்க மூத்த பிள்ளை நடந்துச்சா?" "எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முன்னயா, பின்னயா?" "சோழவரத்துல கார் ரேஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சா?" என்று கேளுங்கள். சோழவரத்தில் போர்க் கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் மோட்டார் பந்தயம் நடந்தது. அந்தச் சத்தத்தை வைத்தே பலர் காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆலையில் வேலை செய்த ஒரு பாட்டியிடம் கூலியைக் கேட்டபோது நினைவில்லை என்றார். தவிடு வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களா என்று கேட்டதும் ஒரு மணி நேரம் பேசினார். கூலியும் அதற்குள் வந்துவிட்டது. பொருளைக் கேளுங்கள், தொகை பின்னால் வரும்.

எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன், பேசியவர்களின் வீட்டுக்குப் போய் அவரவர் பகுதியை உரக்கப் படித்துக் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி, எடுத்த இடம், சர்வே எண் மூன்றையும் பென்சிலில் குறியுங்கள், பேனா மை ஊறிவிடும். ஒரு பிரதி கிளை நூலகத்துக்கு, ஒன்று ஊர்ப் பள்ளிக்கு. அந்த வரைபடத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்றை ஆயா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.