விசித்திரக் கதவு வைத்த காரை எடைபோடுவது எப்படி?

கதவு மேலே பறக்கிற காரைக் கண்டால் எல்லாரும் முதலில் போனை எடுத்துப் படம் பிடிப்போம். பிடியுங்கள், தப்பில்லை. அப்புறம் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் கதவைச் சோதியுங்கள்.

1. கீல் எங்கே என்று பாருங்கள்

சாதாரணக் கதவுக்குக் கீல் முன்பக்கம். ஓடும்போது தாழ் விட்டுப்போனாலும் எதிர்க்காற்று கதவைச் சாத்தத்தான் பார்க்கும். கீல் பின்பக்கம் இருந்தால் அதே காற்று கதவைப் பிடுங்கித் திறந்துவிடும். 'சூசைட் டோர்' என்பது இதைத்தான். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 காரில் முன்கதவைத் திறந்த பிறகே பின்கதவு திறக்கும். ஓடும்போது அது பாதுகாப்பு. ஆனால் முன்னால் இருப்பவர் மயங்கிவிட்டால் பின்னால் இருப்பவர் கதி என்ன என்பதையும் யோசியுங்கள்.

2. இடத்தை அளந்து பாருங்கள்

கூரையில் கீல் வைத்து, பறவைச் சிறகுபோல மேல்நோக்கித் திறக்கும் கல்விங் கதவு பக்கவாட்டில் நிறைய இடம் கேட்கும் என்றுதான் தோன்றும். உண்மை நேர்மாறு. 1981-இல் வந்த, இந்தக் கதவு வைத்த டிலோரியன் காருக்குப் பக்கத்தில் சுமார் 28 செ.மீ. போதும். இடிக்கப்போவது ஷெட் கூரைதான். டேப்பை அங்கே பிடியுங்கள்.

சந்துக்குள் நிறுத்த ஸ்லைடிங் கதவை அடிக்க ஆளில்லை. மாருதி ஆம்னியை நம்மூர்ப் படங்களில் ஆள் கடத்தவே பயன்படுத்தியதும் சும்மா இல்லை, அவ்வளவு வசதி! ஆனால் கதவு வெளியே நீளாததால், ஆள் இறங்கப்போகிறார் என்பது பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரியாது. இறங்கும்முன் திரும்பிப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

3. உட்கார்ந்து எழுந்து பாருங்கள்

1954-இல் அறிமுகமான மெர்சிடிஸ் 300 எஸ்எல்லில் குழாய்ச் சட்டகம் கதவின் கீழ்ப்பாதி வழியாகவே போகிறது. அதனால் படி உயரம். கதவு கூரையில் தொங்கவேண்டிய நிலை. ஸ்டியரிங்கை மடக்கித்தான் காலை உள்ளே நுழைக்க முடியும். சேலை கட்டியவரும் முழங்கால் வலிக்காரரும் ஏற முடியுமா என்பதே இந்தக் கட்டத்தின் கேள்வி.

4. கார் கவிழ்ந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கார் கூரைமேல் கிடந்தால் கல்விங் கதவு தரையை முட்டி நின்றுவிடும். மேல்நோக்கிச் சுழலும் சிசர் கதவுக்கும் அதே சிக்கல். மெர்சிடிஸ் எஸ்எல்எஸ் காரில் இதற்காகவே கீல்களில் சிறு வெடிபொருள் வைத்தார்கள். கார் கவிழ்ந்து கிடந்தால் அது வெடித்துக் கதவைக் கழற்றிவிடும். அப்படி ஏற்பாடு இல்லாத காரென்றால் வேறு எந்த வழியாக வெளியேறுவது என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள். ஐசெட்டா என்ற பழைய குட்டிக் காரின் ஒரே கதவு முகப்பில் இருந்தது. முன்னால் மோதினால் அது திறக்காமல் போகலாம் என்பதால் கூரையின் துணித் திறப்புதான் மாற்றுவழி.

5. கரண்ட் இல்லாமல் திறந்து பாருங்கள்

மோட்டாரில் இயங்கும் கதவு என்றால் கையால் திறக்கும் கம்பி எங்கே என்று தேடுங்கள். டெஸ்லா மாடல் எக்ஸின் பின்கதவில் அது ஸ்பீக்கர் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மூடியைக் கழற்றி, கம்பியைக் கீழே முன்பக்கமாக இழுத்து, அப்புறம் கதவைக் கையால் தூக்க வேண்டும். புகை சூழ்ந்த காருக்குள் ஒரு குழந்தையால் இது முடியுமா? என்னைக் கேட்டால் முடியாது. முன்னால் இருப்பவர் யாராவது இதைப் பழகி வைத்திருக்க வேண்டும்.

6. கடைசியாக, கண்ணாடி

கதவு திறக்காவிட்டால் கண்ணாடியை உடைக்கலாம் என்று சுத்தியல் வாங்கி வைக்கிறோம். டெம்பர்டு கண்ணாடிதான் அதற்குப் பொடியாகும்; லாமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டு அப்படியே நிற்கும். கண்ணாடி மூலையில் உள்ள சிறு முத்திரையைப் பாருங்கள், பெரும்பாலும் எது என்று அச்சிட்டிருப்பார்கள். பக்கக் கண்ணாடிகள் எல்லாமே லாமினேட்டட் என்றால், ஐந்தாவது சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.