ஃபயர்வாலில் கை வைக்கும் முன்: பழைய ஹாட் ராடில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டினால் அது ஹாட் ராட். அப்படிப் பழைய ஃபோர்டுக்குள் ஷெவ்ரோலெயின் ‘ஸ்மால் பிளாக்’ வி8 எஞ்சினை இறக்கினால் முதலில் முட்டுகிற இடம், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கிற தகடான ஃபயர்வால்தான். 1932-இல் ஃபோர்டு கொண்டுவந்த 221 கன அங்குல பிளாட்ஹெட் வி8-க்கு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்கிற டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருந்தது. 1955-இல் வந்த இந்த ஷெவ்ரோலெ வி8-க்கு அது பின்பக்கம், ஃபயர்வாலை ஒட்டியே நிற்கும். அதற்கு இடம்விடத்தான் சிலர் தகட்டில் பள்ளம் வைக்கிறார்கள், சிலர் முழுத் தகட்டையே எடுத்துவிட்டு வேறு போடுகிறார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முட்டுக் கொடுக்காமல் கழற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஃபயர்வால் என்பது எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே நிற்கிற வெறும் மறைப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். கவுலின், அதாவது கதவுகளுக்கு முன்னால் உள்ள பாடிப் பகுதியின், இரண்டு பக்கங்களையும் விரியாமல் பிடித்து வைத்திருப்பதே அந்தத் தகடுதான். கதவின் கீல்கள் தொங்குவது கவுலின் தூண்களில். பானெட்டின் பின்விளிம்பு உட்காருவது கவுலின் முன்விளிம்பில். விண்ட்ஷீல்டு நிற்பதும் அதன் மேல். ஒரு பக்கத்தைக் கிழித்த அட்டைப்பெட்டி எப்படிச் சாயுமோ, அப்படித்தான் ஃபயர்வால் இல்லாத கவுலும் சாயும். கூபே என்றால் கூரையாவது ஓரளவு பிடிக்கும். ரோட்ஸ்டரில் அதுவும் இல்லை.

1928 முதல் 1931 வரை வந்த ஃபோர்டு மாடல் ஏ-யில் இன்னொரு சிக்கல். அதில் பெட்ரோல் டேங்க் கவுலிலேயே இருக்கிறது. வெளியே தெரிகிற கவுலின் மேற்பரப்பே டேங்க்தான். ஃபயர்வாலையும் டேங்கையும் சேர்த்து எடுத்தால் இரண்டு பிடிமானமும் ஒரே நேரத்தில் போய்விடும்.

ஓர் இளைஞர் மாடல் ஏ ரோட்ஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கதவு சரியாகச் சாத்தவில்லை, கீலை மட்டும் பார்த்துக் கொடுங்கள் என்றார். பாடியைச் சேஸியிலிருந்து இறக்கி ஸ்டாண்டில் வைத்து, டேங்கையும் ஃபயர்வாலையும் எடுத்துவிட்டு, பள்ளம் வைத்த புதுத் தகட்டைச் சுற்றிலும் வெல்டு செய்திருந்தார். வெல்டிங் சுத்தமாகவே இருந்தது. ஆனால் வெல்டு ஆகும்போதே கவுல் ஒரு பக்கம் முறுக்கி நின்றிருக்கிறது. அந்த முறுக்கலோடே தகடு அதைப் பூட்டிவிட்டது. ஒரு கதவின் இடைவெளி மேலே விரிந்து கீழே ஒட்டியது, மறுபக்கம் நேர்மாறு. அதைச் சரிக்கட்டக் கீலை வளைத்து, கதவின் விளிம்பைத் தேய்த்து, மேலே பட்டி போட்டு மறைத்திருந்தார்கள். நல்ல கதவு ஒன்று வீணாகிப் போயிருந்தது. வெல்டை முழுவதும் அறுத்துத் தகட்டை வெளியே எடுத்த பிறகுதான் எதையும் நேராக்க முடிந்தது. தொடக்கத்திலேயே நாலைந்து சதுரக் குழாய்களை முட்டுக் கொடுத்திருந்தால் இந்தச் செலவில் ஒரு காசுகூட ஆகியிருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். எந்தச் சேஸியில் வண்டி ஓடப்போகிறதோ அதில் பாடியை ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு), ரப்பர் எல்லாம் வைத்து இறுக்குங்கள். சேஸியை ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துங்கள். கதவுகளைத் தொங்கவிட்டு, இடைவெளி நான்கு பக்கமும் ஒழுங்காக வந்த பிறகு ஓர் அங்குலச் சதுரக் குழாயைத் தூணுக்குத் தூண் குறுக்கே வெல்டு செய்யுங்கள். அங்கிருந்து கதவுக்குப் பின்னால் உள்ள தூணுக்கும் ஒன்று. மூலைக்கு மூலையும் ஒன்று வேண்டும், குறுக்குக் குழாய் மட்டும் முறுக்கலைத் தடுக்காது. முட்டு எல்லாம் கதவுக்கு உட்புறமாகப் போகட்டும். வேலை நடக்கும்போது கதவைத் திறந்து சாத்திப் பார்க்க முடியாவிட்டால் அந்த முட்டால் பாதிப் பயன்தான். மூலைக்கு மூலை அளவைத் தூணிலேயே எழுதி வையுங்கள். புதுத் தகட்டுக்கு ஒவ்வொரு வரிசை டேக் (சிறு புள்ளி வெல்டு) வைத்ததும் மறுபடி அளந்து பாருங்கள்.

காலி டேங்க் என்ற நம்பிக்கை

மாடல் ஏ-யில் டேங்க் இருக்கும்போது ஃபயர்வாலுக்குக் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது. பெட்ரோலை வடித்துவிட்டேன் என்பார்கள். வெடிப்பது உள்ளே நிற்கிற ஆவி. டேங்கைக் கழற்றி வேறிடத்தில் வைத்த பிறகே தீப்பொறி.

ஃபேன் இல்லாமல் பள்ளத்தை அளப்பது

எஞ்சின் எங்கே நிற்கும் என்பதை முதலில் ரேடியேட்டர் முடிவு செய்கிறது. ரேடியேட்டரையும் கிரில் கூட்டையும் அதனதன் இடத்தில் வைத்து, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் ஓர் அங்குலமாவது விட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அதற்குப் பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பாருங்கள். மூடியைக் கழற்ற முடிய வேண்டும், டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) வைக்க டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்ப முடிய வேண்டும், முடுக்கும்போது எஞ்சின் ரப்பரில் அசைய இடம் வேண்டும். எச்.இ.ஐ. எனும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வகை என்றால் மூடி இன்னும் அகலம். அதே சமயம், தேவைக்கு மேல் உள்ளே தள்ளினால் பெடல் போடுகிற காலுக்கு இடம் இருக்காது.

அறுக்கவே மனமில்லை என்றால் ஃபோர்டு ஸ்மால் பிளாக்கைப் பாருங்கள். அதில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம்.

ஒரே ஓட்டமாக வெல்டிங்

தகடு நெளியும். எதிரெதிர் இடங்களில் டேக் வைத்து, ஆறவிட்டு, நிரப்புங்கள்.

கால்வனைஸ்டு தகடு

வேண்டாம். வெல்டு செய்யும்போது வருகிற துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

ஃபயர்வாலின் பழைய உறை

ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள்.

விட்டுப்போன துளைகள்

பழைய துளை ஒவ்வொன்றையும் தகடு வைத்தே மூடுங்கள். பட்டியோ சிலிக்கானோ தீயின் முன் நிற்காது. துளை வழியே உள்ளே வருவது தீ மட்டுமல்ல. எக்ஸாஸ்ட் கசிந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், அதற்கு வாசனை கிடையாது. டிராக் பந்தயத்துக்கு அமெரிக்கப் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. கேட்கிற குறைந்தபட்சத் தடிமன் எஃகில் 0.024 அங்குலம், அலுமினியத்தில் 0.032. அது வெறும் கீழ்வரம்பு. தெருவில் ஓடுகிற வண்டிக்கு நான் 18 கேஜைவிட (ஏறத்தாழ 0.048 அங்குலம்) மெல்லிய எஃகைப் போடுவதில்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

பிரேக் பெடலை வெறும் தகட்டில் தொங்கவிடுவது

அந்தக் கால ஃபோர்டுகளில் பெடல் தரையிலிருந்து எழுந்து வரும். மிதிக்கிற பாரத்தைச் சேஸியே தாங்கும். இப்போது பலர், பிரேக் எண்ணெயை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரை ஃபயர்வாலில் பொருத்தி, பெடலை மேலிருந்து தொங்கவிடுகிறார்கள். அவசரத்தில் அழுத்தி மிதித்தால் அந்த மெல்லிய தகடு முன்னால் வளைகிறது. மிதித்த விசையில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் தகட்டிலேயே தீர்ந்துவிடும். பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது, பிரேக்கில் காற்று நிற்கிறது என்று திரும்பத் திரும்பக் காற்றெடுத்துக் கொண்டிருப்பார்கள். ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சின் பக்கம் நின்று மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள். அது அசைந்தால் குறை தகட்டில். பின்னால் தடித்த தகடு வைத்து, அதிலிருந்து கவுல் தூண்களுக்குத் தாங்கு கொடுங்கள்.

அசல் தகட்டை அறுப்பது

1932 ஃபோர்டின் அறுபடாத ஃபயர்வாலை மாடல் ஏ-க்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். நகல் தகடு கிடைக்கிறது, அதை அறுங்கள்.