வாசனை ஊலாங் தேநீர்: மணத்துக்கு அடியில் இருக்கும் தேயிலையைச் சுவைப்பது எப்படி?

பினாங்கில் எந்தக் கடையில் உட்கார்ந்து 'தே ஓ' என்று சொன்னாலும் பால் இல்லாத தேநீர் வந்துவிடும். அந்த 'ஓ' ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழிச் சொல்; கறுப்பு என்று பொருள். 'ஊலாங்' என்ற பெயரைச் சீனத்தில் எழுதும்போது முதலில் வருவதும் அதே எழுத்துதான். ஊலாங் என்றால் கறுப்பு டிராகன். ஆக, பெயரில் பாதி நமக்கு ஏற்கெனவே பழக்கம். சுவைதான் புதிது.

நறுக்கிய வாழைக்காய் காற்றுப் பட்டால் கறுக்கிறது அல்லவா? பறித்த தேயிலைக்கும் அதுதான் நடக்கிறது. முழுதாகக் கறுக்க விட்டால், தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீருக்குப் போடும் கறுப்புத் தேயிலை. கறுக்கும் முன்பே சூடு காட்டி நிறுத்தினால் பச்சைத் தேயிலை. இலையை வாடவைத்து, குலுக்கி, ஓரங்கள் மட்டும் சிவந்து வரும் நேரத்தில் நிறுத்துவது ஊலாங். சீனாவின் ஃபூஜியன், குவாங்தோங் மாநிலங்களும் தைவானும் இதன் சொந்த ஊர்கள். இதற்கு மேல் பூ, பழம், வேர் என்று மணம் ஏற்றுவதுதான் வாசனை ஊலாங்.

புதிதாகக் குடிப்பவர்கள் மணத்தோடு நின்றுவிடுகிறார்கள். பொட்டலத்தைத் திறந்ததும் 'ஆகா' என்கிறார்கள். இரண்டாவது கோப்பையில் அலுத்துவிடுகிறது. மணத்துக்கு அடியில் ஒரு தேயிலை இருக்கிறது. அது நல்லதா, மட்டமா என்று நாக்கால் கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்க வேண்டியதில்லை. இந்தச் செய்முறை முழுவதும் அதற்காகத்தான்.

வாங்கும் முன்: மணம் எப்படி வந்தது?

முதல் வகை, உண்மையான பூவோடு படுக்கவைத்தது. மல்லிகை ஊலாங்குக்குப் பகலில் மொட்டுப் பறித்து, மாலையில் அது விரியத் தொடங்கும்போது தேயிலையோடு கலந்து இரவு முழுதும் வைப்பார்கள். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை மறுபடி உலர்த்துவார்கள். நல்ல சரக்கு என்றால் இதையே பல இரவுகள் புதுப் பூப் போட்டுச் செய்வார்கள். ஆகவே பொட்டலத்தில் காய்ந்த பூ நிறையக் கிடப்பது தரத்துக்கு அடையாளம் இல்லை. மணத்தைக் கொடுத்து முடித்த பூ வெறும் அலங்காரம். அதிகமானால் கசக்கவும் செய்யும். ஒஸ்மாந்தஸ் ஊலாங்கில் மட்டும் சின்ன மஞ்சள் பூக்களை விட்டுவைப்பது வழக்கம். அதன் மணம் பழுத்த ஆப்ரிகாட் பழத்தை ஒத்திருக்கும்.

இரண்டாவது, எதுவும் சேர்க்காமலே மணப்பது. தைவானின் தேயிலை ஆய்வு நிலையம் 1981-இல் வெளியிட்ட ஜின் சுவான் என்ற ரகத்துக்கு இயல்பாகவே மெல்லிய பாலேட்டு வாசம் உண்டு. 'பால் ஊலாங்' என்ற பெயர் அங்கிருந்து வந்தது. செடிக்குப் பால் ஊற்றுகிறார்கள், இலையைப் பாலாவியில் வேகவைக்கிறார்கள் என்பதெல்லாம் விற்பனைக் கதை. இயற்கையான பால் வாசம் தேடினால்தான் கிடைக்கும். பொட்டலத்தைத் திறந்ததும் டின் பாலும் பாப்கார்னும் போல மூக்கில் அடித்தால், அதற்கு மணச்சாறு தெளித்திருக்கிறார்கள்.

மூன்றாவது, பூச்சு போட்டது. ஜின்செங் ஊலாங் பச்சைக் கூழாங்கல் மாதிரி இருக்கும். உருட்டிய இலைமேல் ஜின்செங் வேர்ப் பொடியும் அதிமதுரப் பொடியும் பூசியிருப்பார்கள். தொண்டையில் நிற்கும் அந்த இனிப்பு பெரும்பாலும் நம் வீட்டு அதிமதுரம்தான். அதிமதுரம் அதிகமானால் இரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் குறையும். அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தினமும் குடிக்க வேண்டாம்.

நான்காவது, பீச், லைச்சி, ஸ்ட்ராபெரி போன்ற பழ மணங்கள். இவை ஏறக்குறைய எல்லாமே மணச்சாறு சேர்த்தவை. அதில் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். இங்கே விற்கும் பொட்டலங்களில் 'பெரிசா' என்ற மலாய்ச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் சேர்த்த சுவைமணத்தைக் குறிக்கும் சொல்.

முதல் தடவைக்கு 50 கிராம் ஒஸ்மாந்தஸ் அல்லது மல்லிகை ஊலாங்கும், அதே கடையில் மணம் ஏற்றாத இளம்பச்சை ஊலாங் 50 கிராமும் வாங்குங்கள். தியே குவான் யின் என்ற ஊலாங் வகை போதும். சும்மா இருக்கும் இந்த இரண்டாவது பொட்டலம்தான் உங்கள் ஆசிரியர்.

தேவையான சாமான்கள்

100 முதல் 120 மில்லி பிடிக்கும் கைவான், அதாவது மூடி போட்ட சீனப் பீங்கான் கிண்ணம். இல்லையென்றால் சின்னப் பீங்கான் டீப்பாட். களிமண் பாத்திரம் இப்போது வேண்டாம். அது மணத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், நேற்றைய மல்லிகை இன்றைய பீச்சில் வரும். இதே காரணத்துக்காகப் பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கும் ஆகாது. ஒரே மாதிரி இரண்டு வெள்ளைக் கோப்பைகள், மெல்லிய கம்பி வடிகட்டி, ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு, கைப்பேசியில் நேரம் பார்க்கும் வசதி.

தராசு இல்லாமல் கரண்டியால் அளப்பது இங்கே சரிவராது. உருண்டையாகச் சுருட்டிய ஊலாங் ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தால் சுமார் 3 கிராம் வரும். நீள இலையாக இருந்தால் அதே கரண்டியில் ஒரு கிராம்கூட நிற்காது.

தண்ணீர்: குழாய்த் தண்ணீரை வடிகட்டிப் பயன்படுத்துங்கள். குளோரின் வாடை பூ மணத்தை முதலில் கொல்லும். தாதுக்களை எல்லாம் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் தேநீர் சப்பென்று இருக்கும். ஒரு முறை கொதித்ததே போதும். காலையில் இருந்து கெட்டிலில் கிடப்பதை மறுபடி மறுபடி கொதிக்கவைக்காதீர்கள்.

படி 1: மூக்கையும் நாக்கையும் தயார் செய்தல்

நாசி கண்டார் சாப்பிட்டு வந்து உடனே உட்காராதீர்கள். மிளகாய், வெங்காயம், வெற்றிலை பாக்கு எதுவானாலும் ஒரு மணி நேரம் போகட்டும். சாமி அறையில் சாம்பிராணி போட்டிருந்தால் வேறு அறை. தலையில் பூ, கையில் தைலம், சட்டையில் செண்ட் எதுவும் வேண்டாம்.

மல்லிகை ஊலாங் சுவைக்கப் போகிறீர்கள் என்றால் முந்தின நாள் ஒரு சின்ன வேலை செய்யலாம். குட்டி இந்தியாவில் பூக்கட்டுபவரிடம் ஒரு முழம் மல்லிகை வாங்கி, மாலை ஆறு மணிக்கு ஒரு முறையும் இரவு ஒன்பதுக்கு ஒரு முறையும் முகர்ந்து பாருங்கள். மொட்டாக இருக்கும்போது பச்சை வாசம். விரிந்த பிறகு தேன் கலந்த, கொஞ்சம் தலை கிறுக்கும் கனம். இந்த இரவு மணம்தான் நல்ல மல்லிகை ஊலாங்கில் இருக்க வேண்டியது. மட்டமானதில் சோப்பு மணம் இருக்கும். மல்லிகையோடு வளர்ந்த நம் மூக்குக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். இதற்குத் தனிப்பயிற்சி எதுவும் தேவையில்லை.

படி 2: உலர்ந்த இலையை முகர்தல்

கைவானில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். 5 கிராம் இலையைப் போட்டு, மூடி, இரண்டு மூன்று தடவை மெதுவாகக் குலுக்குங்கள். மூடியைச் சற்றே திறந்து முகருங்கள். சூட்டில் இலை தன்னைக் காட்டிவிடும். பழைய அட்டைப்பெட்டி வாசம் வந்தால் சரக்கு ஈரம் பட்டுப் பழையதாகிவிட்டது.

படி 3: கழுவுதல்

வெந்நீரை ஊற்றி 5 விநாடியில் வடித்துவிடுங்கள். உருண்டை இலை விரிவதற்கு இது ஒரு தூண்டுதல். பூச்சுப் போட்ட ஜின்செங் ஊலாங்கை மட்டும் கழுவக் கூடாது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பூச்சு சாக்கடைக்குப் போய்விடும்.

படி 4: ஊறவைத்து வடித்தல்

பூ மணம் ஏற்றிய பச்சை ஊலாங்குக்கும் ஜின் சுவானுக்கும் 90 டிகிரி. வறுத்த ஊலாங்குக்கும் ஜின்செங்குக்கும் 95-க்கு மேல், கொதித்தவுடன் ஊற்றலாம். வெப்பமானி இல்லையா? கொதித்த நீரைச் சூடாக்காத ஒரு பீங்கான் குடுவைக்கு ஒரு முறை மாற்றினால் ஏறக்குறைய 90-க்கு இறங்கிவிடும்.

விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை நீர் ஊற்றி மூடுங்கள். முதல் ஊறல் 40 விநாடி. உருண்டை இன்னும் விரியாததால் இவ்வளவு நேரம். இரண்டாவது 30 விநாடி. மூன்றாவது 40. பிறகு ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் சொட்டுவிடாமல் வடியுங்கள். அடியில் தேங்கும் நீரில் இலை ஊறிக்கொண்டே இருந்தால் அடுத்த கோப்பை கசக்கும். கைவான் விளிம்பு விரலைச் சுடும். நீரைக் குறைவாக ஊற்றி, விளிம்பின் வெளிமடிப்பை மட்டும் பிடியுங்கள்.

தே தாரிக் பழக்கத்தில் கை தானாக ஆற்றப் பார்க்கும். ஆற்றாதீர்கள். உயரத் தூக்கி ஊற்றினால் பூ மணம் காற்றோடு போய்விடும். பாலும் சீனியும் இந்தத் தேநீருக்கு இல்லை.

படி 5: சுவைத்தல்

தேநீர் வாய் பொறுக்கும் சூட்டுக்கு வரட்டும். அரை வாய் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். வீட்டில் பெரியவர்கள் திட்டும் அதே சத்தம்தான். இங்கே அது வேண்டும், அப்போதுதான் மணம் தொண்டை வழியே மூக்குக்கு ஏறும். விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். நிஜப் பூ மணம் இந்த மூச்சில் மறுபடி வரும். மேலே தெளித்த மணம் பெரும்பாலும் வராது.

இப்போது நாக்கைக் கவனியுங்கள். கசப்பையும் துவர்ப்பையும் தனித்தனியாகப் பிடியுங்கள். கசப்பு பாகற்காய்; துவர்ப்பு வாழைப்பூவும் பாக்கும், வாயை இழுத்துப் பிடிப்பது. நல்ல ஊலாங்கில் துவர்ப்பு லேசாகத் தொட்டுவிட்டுப் போகும். அரை நிமிடத்துக்குப் பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு ஊறி வர வேண்டும். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதே இனிப்பு. சீனர்கள் இதை 'ஹுய் கான்' என்பார்கள், திரும்பி வரும் இனிப்பு. இது பூவில் இருந்து வராது. அதிமதுரம் பூசிய ஜின்செங் ஊலாங்கைத் தவிர மற்றவற்றில், தேயிலை நன்றாக இருந்தால் மட்டுமே வரும். எங்கள் கணிப்பில் ஒரு வாசனை ஊலாங்கை மதிப்பிட இதைவிட நம்பகமான அளவுகோல் இல்லை.

கடைசியாகக் காலிக் கோப்பையின் அடியை முகருங்கள். தேன், வெல்லப்பாகு போல ஒட்டியிருந்தால் நல்லது. மிட்டாய்த்தாள் வாசம் என்றால் சாறு சேர்த்தது.

படி 6: பக்கத்தில் வைத்து ஒப்பிடுதல்

இரண்டு கோப்பைகளில் 3 கிராம் மணமற்ற ஊலாங், 3 கிராம் வாசனை ஊலாங். இரண்டிலும் 150 மில்லி கொதிநீர். சரியாக 5 நிமிடம். வடித்து வையுங்கள். இது குடித்து மகிழ்வதற்கான அளவு அல்ல. வேண்டுமென்றே கடுப்பாகப் போட்டு, குறைகளை வெளியே இழுப்பதற்கு. மணமற்றதை முதலில் சுவையுங்கள். பிறகு வாசனைக் கோப்பைக்குப் போய், முதல் கோப்பையில் கண்ட சுவையை அதற்குள் தேடுங்கள். சூடாக ஒரு முறை, வெதுவெதுப்பில் ஒரு முறை, முழுதும் ஆறியபின் ஒரு முறை. ஆறிய கோப்பை பொய் சொல்லாது. மணம் அடங்கியதும் வெறும் கசப்பு நீர் மிஞ்சினால், மட்டத் தேயிலையை வாசனை மூடியிருந்தது என்று பொருள். நான்கு வகையையும் ஒரே நாளில் வைத்தால் ஜின்செங்கைக் கடைசியில் வையுங்கள். அதன் இனிப்பு மற்றவற்றைக் கெடுக்கும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

தேநீர் கசந்தால் இலையைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். 10 விநாடி வித்தியாசமே தெரியும். மணம் இருந்தும் நீர்த்துப்போய் இருந்தால் சூடு போதவில்லை அல்லது கைவானைச் சூடாக்கவில்லை. இரண்டாவது ஊறலிலேயே மணம் காணாமல் போனால் உங்கள் கையில் தவறில்லை, சரக்கு அப்படி. நல்ல ஒஸ்மாந்தஸ் நான்கு ஐந்து ஊறல் வரை பூவைக் காட்டும். பிறகு பூ விலகி, தேயிலை தனியாக நிற்கும். அந்தக் கோப்பைக்காகக் காத்திருந்து குடியுங்கள்.

கூடக் கடிக்க ஏதாவது வேண்டும் என்றால் ஒஸ்மாந்தஸுக்குச் சாதா ஆப்பமும் தேங்காய்ப்பாலும், வறுத்த ஊலாங்குக்கு முறுக்கு அல்லது பினாங்கின் தவ் சார் பியா, அதாவது பயறுப் பூரணம் வைத்த பிஸ்கட்.

பாதுகாப்பதும், மிஞ்சியதைக் குளிரூட்டுவதும்

இந்த ஊர்க் காற்றின் ஈரத்தில் திறந்த பொட்டலம் சில வாரங்களில் மணத்தை இழந்துவிடும். சிறு சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், மசாலா அலமாரியை விட்டுத் தள்ளி வையுங்கள். திறக்காத பொட்டலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். வெளியே எடுத்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை, குறைந்தது சில மணி நேரம், பிரிக்கக் கூடாது. குளிர்ந்த இலைமேல் காற்றின் ஈரம் வியர்வையாகப் படிந்துவிடும்.

பீச், லைச்சி வாங்கி, சூடாகக் குடித்துப் பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட வேண்டாம். 5 கிராமைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, 500 மில்லி வடிகட்டிய பச்சைத் தண்ணீர் ஊற்றி, இரவு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த நீரில் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும், மணமும் இனிப்பும் மேலே நிற்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் வடித்து, அன்றைக்கே குடித்துவிடுங்கள்.