டீ ஆற்றும் படம் ஒன்றை வைத்து ஒளிப்படம் பழகுவது எப்படி

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் ஆயிரம் படம் எடுப்பவர்கள் நிறைய. அடுத்தவர் எடுத்த ஒரே ஒரு படத்தை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பவர்கள் குறைவு. எடுத்தவர் எங்கே நின்றார், கேமராவை எந்த உயரத்தில் பிடித்தார், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்தது, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதெல்லாம் படத்திலேயே தடயமாகக் கிடக்கும். அதைப் படித்து, ஊகித்து, சரிபார்த்து, அதே மாதிரி ஒன்றை நாமே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

பயிற்சிக்கு டீ மாஸ்டர் டீ ஆற்றும் படத்தை எடுத்துக்கொள்வோம். வேகமாக விழும் திரவம், ஆவி, மனித முகம், சாமான்கள் அடைந்த பின்னணி, பகல் வெளிச்சத்தோடு கலந்த டியூப்லைட் என்று ஒளிப்படத்தின் தலைவலிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. மாஸ்டர் அதே செயலை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வார் என்பதால், தவறவிட்ட கணம் இரண்டு நிமிடத்தில் மறுபடி வரும்.

முதலில் படம் வேண்டும். இலவசப் படங்களின் இணையக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். அங்கே பெரும்பாலான படங்களின் பக்கத்தில் கீழே கேமரா, ஷட்டர் வேகம், அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்), லென்ஸின் குவியத்தூரம் (காட்சியில் எவ்வளவு அகலத்தைப் பிடிக்கும் என்று சொல்லும் மி.மீ. கணக்கு) எல்லாம் அட்டவணையாக இருக்கும். இதுதான் எக்சிஃப் தகவல். வாட்ஸப்பில் படமாக வந்தது உதவாது. அனுப்பும்போதே இந்தத் தகவல் கழன்றுவிடும். அட்டவணையை இப்போதே பார்க்காதீர்கள். உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதிய பிறகுதான் பார்க்க வேண்டும். எழுதாமல் மனதில் வைத்துக்கொண்டால், விடையைப் பார்த்ததும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றிவிடும்.

வெளிச்சம்

இதில் இருந்துதான் தொடங்க வேண்டும். கண்ணின் கருமணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். கடிகார முகமாக வைத்துப் பார்த்தால் 10 அல்லது 2 மணி இடத்தில் இருந்தால், வெளிச்சம் பக்கவாட்டில், தலைக்குச் சற்று மேலிருந்து வருகிறது. நீளமான கோடாக இருந்தால் டியூப்லைட். அகலமான கட்டமாக இருந்தால் ஜன்னல் அல்லது கடையின் திறந்த வாசல். கண் தெரியாவிட்டால் மூக்கின் நிழலைப் பாருங்கள்; அது விழும் திசைக்கு நேர் எதிரில் விளக்கு இருக்கிறது.

அடுத்து நிழலின் ஓரம். கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் வெளிச்சத்தின் மூலம் சிறியது: நேர் வெயில், வெறும் பல்பு. ஓரம் கரைந்திருந்தால் மூலம் பெரியது: மேகமூட்டம், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெயில், தார்ப்பாய்க்கு அடியில் நுழையும் வானத்து வெளிச்சம். டீக்கடைப் படங்களில் நன்றாக வந்தவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

ஆவி பளிச்சென்று தெரிகிறதா? அப்படியானால் இரண்டு விஷயம் உறுதி. வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வருகிறது. ஆவிக்குப் பின்னால் இருண்ட பகுதி இருக்கிறது. கேமரா பக்கமிருந்து ஃபிளாஷ் அடித்தால் ஆவி பெரும்பாலும் காணாமலே போய்விடும். வெள்ளைச் சுவருக்கு முன்னாலும் அப்படித்தான்.

வெளியே நிழல் விழுந்திருந்தால் நேரத்தையும் ஓரளவு சொல்லலாம். நிழல் ஆளின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இரண்டு மடங்கு நீளமென்றால் சுமார் 27 டிகிரி. மார்ச், செப்டம்பர் மாதங்களில் சென்னையில் இது காலை 8 மணியை ஒட்டி வரும், அல்லது மாலையில் அதற்கு இணையான நேரம்.

கேமரா எங்கே இருந்தது

ஆரம்பநிலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி "என்ன லென்ஸ்?" என்பது. அதைவிட முக்கியமானது, எடுத்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார் என்பது. பொருள்களுக்கிடையிலான அளவு விகிதத்தை முடிவு செய்வது தூரம் மட்டுமே. லென்ஸ் அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறது.

கணக்கு எளிது. மாஸ்டர் உங்களிடமிருந்து 1 மீட்டரில், பின்சுவர் அவருக்கு 2 மீட்டர் பின்னால். சுவரில் இருக்கும் பொருள் 3 மீட்டரில் இருக்கிறது, அதாவது அவரோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்கு அளவில் தெரியும். நீங்கள் 3 மீட்டருக்குப் பின்வாங்கினால் சுவர் 5 மீட்டரில். இப்போது ஐந்தில் மூன்று பங்கு. பின்னாலிருக்கும் பிஸ்கட் பாட்டில்கள் பெரிதாகி, அவரோடு ஒட்டி நிற்பதுபோல் தெரியும். கிட்டப் போனால் நீட்டிய கை பெரிதாகவும், முகம் சிறிதாகவும், பின்னணி எங்கோ தள்ளியும் இருக்கும். படத்தில் முன்னால் நீட்டிய கிளாஸ் முகத்தளவு தெரிகிறதென்றால், எடுத்தவர் ஒரு மீட்டருக்குள் நின்றிருக்கிறார்.

உயரத்தைக் கண்டுபிடிக்க அலமாரிப் பலகைகள் போதும். படத்தின் உள்நோக்கிப் போகும் பலகைக் கோடுகளைக் கவனியுங்கள். கேமராவுக்கு மேலிருப்பவை தூரத்தில் கீழே சரியும். கீழிருப்பவை மேலே ஏறும். எது சரியாமல் மட்டமாக ஓடுகிறதோ, அந்த உயரத்தில் கேமரா இருந்தது. மேசையின் மேற்பரப்பு அகலமாகத் தெரிந்தால் கேமரா மேசைக்கு நன்றாக மேலே. வெறும் விளிம்பு மட்டும் தெரிந்தால் மேசை மட்டத்தில். சமதளத் தெருவென்றால் அடிவானக் கோடு ஆட்களை எந்த இடத்தில் வெட்டுகிறதோ, கேமராவும் அந்த உயரமே.

ஷட்டரும் அபர்ச்சரும்

ஆற்றும்போது டீ சுமார் 90 செ.மீ. விழுகிறது. கீழ்க் குவளையை எட்டும்போது அதன் வேகம் விநாடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேல். 1/30 விநாடியில் அது கிட்டத்தட்ட 14 செ.மீ. நகர்ந்துவிடும், 1/125-ல் மூன்றரை செ.மீ.; 1/500-ல் 8 மி.மீ.; 1/2000-ல் 2 மி.மீ. ஆக, டீ வழுவழுப்பான நாடாவாகத் தெரிந்தால் 1/60-க்குக் கீழ், அதாவது அதைவிட மெதுவான ஷட்டர். கோடு கோடாகப் பிரிந்து, ஆனால் ஓரம் கரைந்திருந்தால் 1/125 முதல் 1/250 வரை. துளிகள் உருண்டையாக அந்தரத்தில் நின்றால் 1/1000 அல்லது அதற்கும் மேல். எது அழகு என்பது அவரவர் ரசனை. துளிகளை உறைய வைத்த படங்கள் பலவற்றில் டீ பாய்வதே தெரியாமல், கண்ணாடிக் குச்சிபோல் ஆகிவிடுவது உண்மை.

அபர்ச்சருக்குப் பின்னணியில் உள்ள பல்புகளைப் பாருங்கள். ஃபோகஸுக்கு வெளியே பெரிய வட்டமாக இருந்தால் அகலத் திறப்பு. வட்டம் பலகோணமாக இருந்தால் ஒன்றிரண்டு படி மூடியிருக்கிறார்கள் (ஒரு படி மூடினால் வெளிச்சம் பாதியாகும்). ஃபோகஸில் இருக்கும் பல்பிலிருந்து நட்சத்திரக் கதிர்கள் கிளம்பினால் எஃப் 11, 16 போன்ற குறுகிய திறப்பு (எஃப் எண் கூடினால் திறப்பு குறுகும்). கதிர்களை எண்ணினால் லென்ஸின் திறப்பை மூடும் இதழ்களின் எண்ணிக்கையும் தெரியும்: இரட்டை எண்ணிக்கை இதழ் என்றால் அதே அளவு கதிர், ஒற்றை என்றால் இரு மடங்கு. ஏழு இதழுக்குப் பதினான்கு.

செல்போன் படத்தில் இந்த ஊகங்கள் தவறும். போர்ட்ரெயிட் மோடில் மங்கல் கணக்குப் போட்டு ஒட்டப்பட்டது. முடி, கண்ணாடி டம்ளரின் விளிம்பு ஆகிய இடங்களில் பிசிறடித்துக் காட்டிக்கொடுக்கும். நைட் மோடு பல படங்களை அடுக்கிச் செய்வதால் அசைவை வைத்து ஷட்டரைச் சொல்ல முடியாது.

கட்டமைப்பு

மூன்றில் ஒரு பங்கு விதியை (படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் முக்கியப் பொருளை வைப்பது) பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். இங்கே அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். அதைவிடப் பயன் தருவது மூன்று சோதனைகள். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள்: எங்கே கண் முதலில் போகிறது? தலைகீழாகத் திருப்புங்கள்: எந்தப் பக்கம் கனக்கிறது? பிறகு நான்கு ஓரங்களையும் விரலால் ஒரு சுற்று வாருங்கள்: என்ன வெட்டுப்பட்டிருக்கிறது, என்ன தேவையில்லாமல் எட்டிப் பார்க்கிறது?

நல்ல டீக்கடைப் படங்களில் பொதுவாக ஒன்று தெரியும். விழும் டீக்குப் பின்னால் வெறுமையான இருண்ட பகுதி இருக்கும். மேல்கை, முகம், கீழ்க்கை மூன்றும் ஒன்றோடொன்று முட்டாமல் இடைவெளியோடு இருக்கும். தலையிலிருந்து கம்பம் முளைக்காது. இவை தற்செயல் இல்லை. எடுத்தவர் அரை அடி இடமோ வலமோ நகர்ந்து அமைத்தவை.

இப்போது எக்சிஃபைத் திறந்து ஊகங்களைச் சரிபாருங்கள். 35 மி.மீ. என்று போட்டிருந்து கேமரா ஏபிஎஸ்-சி வகையென்றால் (சென்சார் சிறியது), பெரிய சென்சார் உள்ள முழுச் சட்டகக் கேமராவில் சுமார் 52 மி.மீ. தரும் காட்சிதான் அது. படத்தை ஓரம் வெட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

எடுக்கப் போவது

இரண்டு பக்கம் திறந்த மூலைக் கடையாகத் தேர்ந்தெடுங்கள். காலை வெயில் மாஸ்டரின் பக்கவாட்டிலோ பின்பக்கவாட்டிலோ வர வேண்டும். கூட்ட நேரம் வேண்டாம். ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டு, "அண்ணே, நீங்க ஆத்தும்போது நாலு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வந்திருந்தால் லென்ஸில் பனி படியும். பையிலேயே கால்மணி நேரம் விட்டு எடுங்கள்.

மேனுவல் மோடு, அதாவது எல்லா அளவையும் நீங்களே வைப்பது. கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 18–55 மி.மீ. என்றால் 55-ல் எஃப் 5.6 வரைதான் திறக்கும். தார்ப்பாய் நிழலில் 1/500-க்கு ஐஎஸ்ஓ 3200 அளவு தேவைப்படலாம். 1/1000 வேண்டுமென்றால் 6400. படத்தில் மணல்போல் புள்ளி விழும்தான், பரவாயில்லை. கலங்கிய படத்தைச் சரிசெய்ய வழியே இல்லை. முதல் படத்தை எடுத்ததும் வெளிச்சம் படும் டீயில் விவரம் வெளுத்துப்போகிறதா என்று ஹைலைட் எச்சரிக்கையில் (வெளுத்த இடம் திரையில் மின்னிக் காட்டும் வசதி) பாருங்கள். இருண்ட பின்னணியைப் பார்த்துவிட்டு ஆட்டோ மோடு படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும். அபர்ச்சரையோ ஷட்டரையோ மட்டும் நாம் வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் அரை மோடுகளில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு படி குறைத்து வையுங்கள்.

ஃபோகஸ் ஒற்றைப் புள்ளியில், மாஸ்டரின் கண்ணில். தானாக விட்டால் முன்னால் ஆடும் கையையும் பின்னால் பாய்லரையும் மாறி மாறிப் பிடிக்கும். ஒருமுறை டீ ஆற்றுவதற்குள் ஐந்தாறு படம் தொடர்ச்சியாக.

முதலில் 18 மி.மீ. வைத்து 1 மீட்டரில் நின்று எடுங்கள். பிறகு 55 மி.மீ. வைத்து 3 மீட்டரில். மாஸ்டர் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பார். பின்னணி முற்றிலும் வேறாக இருக்கும். மேலே போட்ட கணக்கு கண் முன்னால் நிற்கும். அதன்பின் தூரத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும்: கண் மட்டம், நெஞ்சு, இடுப்பு. பிறகு ஷட்டரை மட்டும்: 1/30, 1/125, 1/500, 1/2000. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது படத்தைத் திருத்தியது என்று தெரியாது.

இங்கே பலரைக் குழப்பும் ஒன்று: 1/2000-ல் சில படங்கள் பழுப்பாகவும் சில இருட்டாகவும், சிலவற்றில் குறுக்கே பட்டைகளுமாக வரும். கேமரா பழுதல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுங்கும். வேகமான ஷட்டர் அந்த மினுக்கலின் ஒரு துண்டை மட்டும் பிடிக்கிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரில் இது மோசம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள், ஃபிளிக்கர் குறைப்பு வசதி இருந்தால் போடுங்கள், அல்லது 1/100, 1/50-க்கு இறங்குங்கள். பகல் வெளிச்சம் மட்டும் விழும் பக்கத்துக்கு நகர்வதே நல்ல தீர்வு.

வீட்டில் படங்களை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவில்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று. ஒளிப்புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தால் கை நடுங்கியது, 55 மி.மீ. ஏபிஎஸ்-சியில் 1/80-க்குக் கீழே போகாதீர்கள். புள்ளிகள் வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறியது. எந்தத் தளம் தெளிவாக இருக்கிறது என்று தேடினால் எங்கே விழுந்தது என்று தெரியும். சுவர் தெளிவாகவும் கை மட்டும் கலங்கியும் இருந்தால் ஷட்டர் மெதுவாக இருந்தது. மூன்றுமில்லாமல் எல்லாம் பால் கலந்ததுபோல் இருந்தால் லென்ஸில் விரல் ரேகை.

அடுத்த படி

டீக்கடை கைவந்த பிறகு, பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1932-ல் பிரான்சின் இயேர் நகரில் எடுத்த சைக்கிள் படத்தைப் படியுங்கள். படிக்கட்டின் மேலிருந்து கீழே பார்க்கிறார். சுழலும் கைப்பிடி கண்ணை மேல் இடது பக்கம் கொண்டுபோகிறது. அங்கே ஒரு சைக்கிள். படிகள் தெளிவு, சைக்கிள் மட்டும் கலங்கல். சைக்கிளைக் கேமராவால் துரத்தியிருந்தால் படிகள் இழுபட்டிருக்கும். ஆகவே கேமரா அசையவில்லை.

இதைச் செய்ய முதலில் இடத்தைத் தேடுங்கள், ஆளை அல்ல. மாடிப்படி, நடைமேம்பாலம், வளைந்த சுவர் எதுவானாலும் சரி. வெறுமையாகவே ஃப்ரேம் நன்றாக அமைய வேண்டும். சைக்கிள் வரும் இடத்தில் ஃபோகஸை வைத்து மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். மணிக்கு 15 கி.மீ. ஓடும் சைக்கிள் 1/30 விநாடியில் சுமார் 14 செ.மீ. நகரும், அந்த அளவு கலங்கல் போதும். கேமராவைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் 1/30-ல் படிகள் தெளிவாக நிற்கும். பொத்தானை அழுத்துவதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் சிறு தாமதம் உண்டு. சைக்கிள் நீங்கள் நினைத்த இடத்துக்கு வருவதற்குச் சற்று முன்பே அழுத்துங்கள். தொடர் படம் வைத்திருந்தாலும் இது தேவை: விநாடிக்கு 5 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படங்களுக்கு நடுவே சைக்கிள் 80 செ.மீ.க்கு மேல் போய்விடும்.